வியாழக்கிழமை கடைசி பீரியட்

“அந்தத் திருடர் இன்னைக்கும் வந்துடுவாரு, பாருங்க” என்றாள் என் மனைவி. கீபோர்டைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். முடிச்சு நழுவாமல் இருக்க நான் அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன்.

அவள் உயர்நிலைப் பள்ளியில் பாட்டு டீச்சர். திருடர் என்று அவள் சொன்னது அங்கிருந்த கணக்கு வாத்தியாரை. ஒன்பதாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு பாட்டு பீரியட்தான், வியாழக்கிழமை கடைசி மணி. போர்ஷன் முடியவில்லை என்று சொல்லி அதை அவர் எடுத்துக்கொள்ளாத வாரம் அபூர்வம்.

“பரீட்சை நெருங்குது. அவரும்தான் என்ன பண்ணுவாரு?” என்றேன்.

“வக்காலத்து பலமா இருக்கே. நாளன்னைக்குப் போட்டி. இருபத்திரண்டு பிள்ளைங்க, மூணு குரல். மூணாவது குரல் சேர வேண்டிய இடத்துல இன்னும் முந்திக்கிட்டு பாயுது. ஒரு நாப்பது நிமிஷம் கிடைச்சா சரி பண்ணிடுவேன்.”

“நேரா கேட்டுப் பாரேன்.”

“கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். காதுல விழணுமே.”

யாரையும் முகத்துக்கு நேராகக் குறை சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எல்லாம் ஜாடைதான். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினால், “வழியை அடைச்சுக்கிட்டு படுக்காதே” என்று அவர் காதில் விழும்படி எங்கள் பூனையைத் திட்டுவாள்.

காலைக் கூட்டத்தில் பாட வேண்டியிருந்ததால் எப்போதும் போல எனக்கு முன்பே கிளம்பிப் போனாள்.

அன்று கடைசி பீரியடில் நடந்ததை என்னால் ஒன்றுவிடாமல் சொல்ல முடியும். அவள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தபோது அந்த மனிதர் ஏற்கெனவே வகுப்பில் நின்றிருந்தார். சற்று முன் இடைவேளையில் அவள் போர்டில் எழுதி வைத்திருந்த பாட்டு வரிகளை, டஸ்டரைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல், உள்ளங்கையால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். அழித்த கையைப் பேண்ட்டிலேயே துடைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சார்” என்றாள், வாசலில் நின்றபடி.

“பாட்டு எங்க ஓடிடப் போகுது டீச்சர்? பரீட்சை முடியட்டும், வருஷம் பூரா பாடிக்கிட்டே இருங்க.”

சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். பிள்ளைகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்ட அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் கீபோர்டோடு கீழே இறங்கினாள். யாருமில்லாத இசை அறையில் போய் உட்கார்ந்து, கீபோர்டைக்கூடப் பிரிக்காமல் அதன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். பள்ளி விட்ட பிறகு அறையைப் பூட்ட வந்த காவலாளிதான் அவளைப் பார்த்தார்.

மாரடைப்பு என்றார் மருத்துவர். “உடனே உயிர் போயிருக்காது. அந்த நேரத்துல பக்கத்துல யாராவது இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாடியில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் நல்ல குரல்.

இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர் இசையின் மேன்மையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பாட்டு பீரியடைத் தாரை வார்க்க வாரா வாரம் தலையாட்டியவர் அவர்தான். கணக்கு வாத்தியார் முன் வரிசையில் இருந்தார். ஏதோ ஒட்டிக்கொண்டு போக மறுப்பது போல உள்ளங்கையைக் கைக்குட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்ததும் ஆளாளுக்கு வந்து அந்த மனிதரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போட்டிக்குப் பிள்ளைகள் போகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கடைசி பீரியடுக்கு மணி அடித்ததும் நான் மாடி ஏறினேன். அந்தப் பாட்டை ஒரே ஒரு முறை, முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் அவள் மூன்று குரலையும் மாற்றி மாற்றித் தானே பாடிப் பார்ப்பாள். பிள்ளைகள் சேர்ந்து பாடி நான் கேட்டதே இல்லை.

வராந்தாவிலேயே சத்தம் வந்தது. டீச்சர் இல்லாமலே பாடிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கதவருகே போனேன். மூன்றாவது குரல் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது. முந்தவில்லை. சரியாகச் சேர்ந்தது.

முன் பெஞ்சில் இருந்த ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். பாட்டு அந்த இடத்திலேயே நின்றது. பாட்டு நோட்டுகள் ஒவ்வொன்றாக மேசைக்கு அடியில் போயின.

நிறுத்தாதீங்க, பாடுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் வகுப்புத் தலைவி எழுந்து நின்றாள்.

“போன வாரம் நீங்க பாதியில விட்ட கணக்கு சார். நாப்பத்தொண்ணாம் பக்கம்.”