அம்மாவைக் குளிப்பாட்டும் விதம்

அம்மாவுக்கு இதுதான் கடைசிக் குளியல் என்றுதான் கென்சுகே நினைத்திருந்தான். ஒடிந்துவிடும்போல் இருந்த அந்த உடம்பைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி வெந்நீர்த் தொட்டியின் படியில் இறங்கினான்.

"பஸ் ஸ்டியரிங்கப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதடா! அக்குளுக்கு அடியில கையக் குடு," என்று கரையிலிருந்து அதட்டினாள் அக்கா மிச்சியோ.

போன வாரம் அவள்தான் நகோயாவில் பஸ் ஓட்டும் அவனுக்குப் போன் செய்தாள். "மலையில இருக்கிற வெந்நீர் ஊத்துல போய்க் குளிச்சிட்டு வரலாம்டா. நாம மூணு பேரும் சேர்ந்து போறது இதுதான் கடைசி. லீவு போடு."

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. பதினோரு வருடமாகக் கூடவே இருந்து பார்த்துக்கொள்பவள் அக்கா. அவன் புத்தாண்டுக்கு ஒரு பெட்டி இனிப்போடு வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறவன்.

கழுத்துவரை வெந்நீர் ஏறியதும் அம்மா கண்களை மூடிக்கொண்டாள். வாசனைக்காகத் தண்ணீரில் போட்டிருந்த யூசு எலுமிச்சை ஒன்று மிதந்துவந்து அவள் தாடையில் முட்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாடா... சொர்க்கம்டா, சொர்க்கம்," என்றாள்.

அந்த வார்த்தை அவனுக்கு வெந்நீரைவிட அதிகமாகச் சுட்டது.

"நீயும் இறங்கேன்க்கா."

"வேணாம். இந்தச் சூடு இப்பல்லாம் எனக்கு ஒத்துக்கிறதில்ல." விடுதியில் கொடுத்த குளியல் அங்கி அவள் உடம்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அம்மாவைச் சுமந்து சுமந்தே அக்கா தேய்ந்துவிட்டாள் என்று அவனுக்கு உறுத்தியது.

"முதுகத் தேய். அழுத்தாத. நீல மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, மத்தது பின்னாடி. மீன்ல முள்ளு இருந்தா சொல்லமாட்டாங்க, அப்படியே முழுங்கிடுவாங்க. பாத்து எடுத்துக் குடுக்கணும்."

"நீதான் எல்லாம் பாக்குறியே. எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"திருப்பிச் சொல்லு."

சொன்னான். மாத்திரையை மாற்றிச் சொன்னான். மறுபடி சொல்ல வைத்தாள்.

"ஸ்கூல்லயும் இப்படித்தான் முழிப்பான்," என்று அம்மா பொக்கை வாயால் சிரித்தாள்.

மதியச் சாப்பாட்டில் அம்மா ஊற்றுநீரில் வெந்த முட்டையை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். அக்கா தன் தட்டில் தொடாமல் வைத்திருந்த மீனையும் அவளே தின்றுவிட்டு, சூடாக்கிய மெத்தையில் குறட்டை விடத் தொடங்கினாள்.

கென்சுகே அக்காவைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை பீறிட்டது.

"பாரு, எவ்வளவு ஆசையாச் சாப்பிடுறாங்க! எத்தன நாளுன்னு டாக்டர் சொன்னாரு? அவங்களுக்குத் தெரியுமா?"

மிச்சியோ கதவிடுக்கு வழியாக அம்மாவை எட்டிப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

"அவங்களுக்குத் தெரியாது. நீயும் சொல்லிடாத."

"எத்தன நாளுக்கா?"

"மூணு மாசம்."

சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். அக்கா குனிந்து, ஈரமாயிருந்த அவன் தலையைத் தன் அங்கியின் கையாலேயே துவட்டிவிட்டாள்.

"அம்மாவுக்கு இல்லடா. எனக்கு."