நாற்பத்தோராம் கேள்வி

"உனக்கென்ன, நீ பாஸாயிட்ட. பேசாம இரு" என்றான் அவன்.

தேர்வு அலுவலகத்துக்கு மறுதிருத்த மனுவை அனுப்ப வேண்டாம் என்று மனைவி சொன்னது அது மூன்றாவது முறை. ஏன் என்று கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

இருவரும் ஒரே மாலை வகுப்பில் ஆங்கிலம் படித்து, ஒரே எழுத்தர் தேர்வை எழுதியவர்கள். எழுபத்திரண்டு வாங்கி அவள் மயிரிழையில் உள்ளே போனாள். எழுபத்தொன்று வாங்கி அவன் அதே மயிரிழையில் வெளியே நின்றான். வயது வரம்பும் முடிந்துவிட்டது. இனி அவனுக்குத் தேர்வே கிடையாது.

காலை வாரியது நாற்பத்தோராம் கேள்வி. 'மேசை உடைந்துபோன குமாஸ்தா' என்று ஆங்கிலத்தில் சொல்ல, கோடிட்ட இடத்தில் 'ஹூ' வருமா, 'ஹூஸ்' வருமா? யாருடைய மேசை என்று வருவதால் 'ஹூஸ்'தான். அவனும் அதைத்தான் எழுதியிருந்தான். ஆனால் தேர்வு அலுவலகத்தின் விடைக்குறிப்பில் 'ஹூ' என்று இருந்தது.

"மேசை உடைஞ்சாலும் அந்தக் குமாஸ்தாவுக்கு வேலை இருக்கு. எனக்கு?"

நான்கு இலக்கணப் புத்தகங்களிலிருந்து பக்கங்களை நகலெடுத்து, அடிக்கோடிட்டு அனுப்பினான். அனுப்பிய பிறகும் தன்மேலேயே சந்தேகம் வந்து ஐந்தாவது புத்தகத்தைப் புரட்டினான். அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். தான் மட்டும் வேலைக்குப் போகும் பெருமையைப் பங்குபோட மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தபோது, திங்கட்கிழமை வேலையில் சேருவதற்காக அவள் உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். எல்லா விடைத்தாள்களையும் மறுபடி திருத்தியதில் அவனுக்கு எழுபத்திரண்டு. வாய் கொள்ளாமல் சிரித்தவன், அடுத்த வரியில் நின்றுவிட்டான். சரியாக எழுதிய அத்தனை பேருக்கும் ஒரு மதிப்பெண் ஏறி, காலியிடங்கள் மட்டும் அப்படியே இருப்பதால், தேர்ச்சிக்கு இனி எழுபத்து மூன்று வேண்டும். பழைய பட்டியல் ரத்து.

கடிதத்தை உறைக்குள் திருப்பிப் போட வெகுநேரம் பிடித்தது.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலை, விடு" என்றான் கடைசியில். "உனக்கும் ஒண்ணு ஏறி எழுபத்து மூணு ஆயிருக்கும். நீ ஒருத்தி வேலைக்குப் போனாப் போதும், குடும்பம் கரையேறிடும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பாதி தேய்த்த உடுப்பை அப்படியே மடித்து வைத்தாள்.

"நான் அதுல 'ஹூ'ன்னுதாங்க எழுதியிருந்தேன்."