கட்டைக் குரல்காரர்

"எட்டே மாசம்தான் தம்பி எங்க குழு. அதுல ஆறு மாசம் பேர் வைக்கவே சண்டை போட்டோம்," என்றார் முன்னாள் டிரம்ஸ்காரர்.

அந்தப் புராக்ரெசிவ் ராக் குழுவின் வரலாற்றை எழுத வந்த பத்திரிகையாளர், அவர்களுடைய ஒரே இசைத்தட்டைப் பிளேயரில் ஓடவிட்டிருந்தார். "என்ன நிதானம் சார்! 'காலமே நின்னு கேட்குது'ன்னு விமர்சனம் வந்துச்சே! இந்தக் கட்டைக் குரல்காரர் இப்ப எங்கே?"

"மேடை ஏற மாட்டேன்னுட்டார். குழு கலைஞ்சதே அதனாலதான்."

"உங்க பங்கு?"

"டிரம்ஸ் வாசிச்சேன், தட்டுக்கு லேபிள் அச்சடிச்சேன். ரெண்டுலயும் சொதப்பல்."

தேநீரோடு வந்த டிரம்ஸ்காரரின் மனைவி, "இன்னுமா மறைக்கிறீங்க?" என்று பிளேயரின் வேகத்தை நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றிலிருந்து நாற்பத்தைந்துக்குத் திருப்பினார்.

துள்ளலாக ஒரு பெண் குரல் பாடியது.

"லேபிள்ல வேகத்தைத் தப்பா அச்சடிச்சிட்டார் தம்பி. பாடினது நான்தான், மெதுவா ஓடினதுல கட்டைக் குரலாயிடுச்சு. கச்சேரிக்குக் கூப்பிட்டவங்க எல்லாரும் அந்த ஆம்பளைக் குரலைக் கேட்டாங்க. அந்தக் குரலுக்கு நான் எங்கே போறது?"

பத்திரிகையாளர் குறிப்பேட்டில் 'கட்டைக் குரல்காரர்' என்று எழுதியிருந்ததை அடித்தார்.

டிரம்ஸ்காரர் தலையைச் சொறிந்தார். "சரியா அச்சடிச்சிருந்தா எங்க வரலாற்றை எழுத நீங்க வந்திருப்பீங்களா தம்பி?"