பலூனுக்குள் ஒன்றுமில்லை

"அசத்திட்டீங்க!" அந்த வார இதழின் படக்கதைப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார் பத்திரிகை ஆசிரியர். "கதாநாயகன் வாயைத் திறக்கிறான். தலைக்கு மேல வசன பலூன் இருக்கு, உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை! அவன் மனசு படற பாட்டை வேற எப்படிக் காட்ட முடியும்? காலையிலேர்ந்து வாசகர்கள் போன் ஓயலை. எப்படித் தோணிச்சு?"

ஓவியர் நெளிந்தார். "அது வந்து சார்..."

"இவ்வளவு பெரிய கட்டத்துல அவன் மட்டும் மூலையில ஒடுங்கி உட்கார்ந்திருக்கானே, அது?"

"அனுபவிச்சு வரைஞ்சது சார்."

"பிரமாதம்! அடுத்த வாரமும் பேசாம இப்படியே போட்டுடுவோம்."

"ஐயையோ, அடுத்த வாரமுமா?" ஓவியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "படம் மட்டும்தான் சார் நான். பலூனுக்குள்ளே எழுதறது என் வீட்டுக்காரி. சண்டை போட்டதிலேர்ந்து அவ எங்கிட்ட பேசறதும் இல்லை, எழுதறதும் இல்லை. மூலையில உட்கார்ந்திருக்கிறது நான்தான்!"

ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தப்பு யார் மேல?"

"அதைச் சொல்லத்தான் சார் வாய் வர மாட்டேங்குது."

வீடு திரும்பியபோது, அவர் வரைந்து வைத்துவிட்டுப் போயிருந்த அடுத்த வாரப் பக்கம் மேஜைமேல் விரிந்து கிடந்தது. கதாநாயகனின் பலூன் இப்போது காலியாக இல்லை. மனைவியின் முத்து முத்தான கையெழுத்து:

'தப்பு என் மேலதான். மன்னிச்சிடும்மா.'

ஓவியர் அதை முணுமுணுப்பாகப் படித்தார்.

"சத்தமா!" என்றது சமையலறை.