டி டிரைவில் ஒரு பிள்ளை

“இந்தத் தடவையும் பிழைச்சுக்குவானா, டாக்டர் தம்பி?” என்று கேட்டார் அந்த அம்மா. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது குரல்.

டாக்டர் என்றால் கம்ப்யூட்டர் டாக்டர். மூச்சு நின்ற பழைய பெட்டிகளைக்கூடத் தட்டிக்கொட்டி எழுப்பிவிடுகிறார் என்று தெரு வைத்த பட்டம். இந்த வீட்டுக்கு அவர் வருவது இது மூன்றாவது முறை.

டி டிரைவ் இருந்த பகுதியே, அந்தப் பார்டிஷனே காணோம் என்று கைவிரித்தது திரை. டி டிரைவில் இருந்த சொத்தே ஒரு வீடியோதான். வேலைக்குக் கிளம்பும் முன், புதுக் கேமராவைச் சோதிக்க மகன் தன்னைத்தானே எடுத்துக்கொண்டது. அன்று பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை.

வீடியோவை வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துத் தருகிறேன் என்று டாக்டர் போன தடவையே சொல்லிப் பார்த்தார். அவன் உட்கார்ந்த மெஷினிலேயே இருக்கட்டும் என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். பெற்ற மனசு, வேறென்ன சொல்ல?

தன் ரிப்பேர் சிடியைப் போட்டு, தொலைந்த பார்டிஷனைத் தேடிப் பிடித்தார் டாக்டர். உடைந்த ஃபைல்களை ஒட்டுப்போட்டார். நல்லவேளை, வீடியோ ஓடியது. “எப்படிம்மா இருக்கேன்?” என்று காலரை இழுத்துவிட்டுச் சிரித்தான் மகன். எப்போதும்போல் டாக்டர் அதற்குமேல் பார்க்க முடியாமல் மூடிவிட்டார்.

ஓடுகிற பெட்டிக்குச் சட்டென்று கரண்ட் நின்றால்தான் டிஸ்க் இப்படிச் சிதையும். ஆனால் மேசையில் இருந்த மின்கடிகாரம் சரியான நேரம் காட்டியது. ஒரு நொடி கரண்ட் போனாலும் நேரத்தைத் தொலைத்துவிடும் ரகம் அது. அப்படியானால் யாரோ வேண்டுமென்றே செய்கிற வேலை.

அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று முதல் நாளிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் பையனின் அப்பா. டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஐயா, அவங்க அழறது உங்களுக்குத் தாங்கலை, புரியுது. அதுக்காக ஓடறப்பவே பிளக்கைப் பிடுங்கலாமா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பிள்ளை மிஞ்ச மாட்டான்.”

அப்பா மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா திரையை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அவரு இல்லப்பா, நான்தான். வீடியோ கடைசியில ‘போயிட்டு வரேன்’னு சொல்லாம ‘போறேம்மா’ன்னு சொல்லிடுவான். அதைச் சொல்றதுக்குள்ள பிடுங்கிடுவேன்.”