மூடியும் ஜாடியும்

சீனர்களுக்குச் சிவப்பு மங்கலம் என்று அப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பீங்கான் ஜாடி அது. பாகப்பிரிவினைப் பட்டியல் எழுதியவர் ஜாடியையும் மூடியையும் இரண்டு உருப்படியாக எழுதிவிட்டார். சீட்டுக் குலுக்கியதில் ஜாடி தம்பி சிதம்பரத்துக்கும் மூடி அண்ணன் காசிநாதனுக்கும் விழுந்தது. திருத்தச் சொல்ல இருவரையும் வீம்பு விடவில்லை. பதினோரு வருடம் பேச்சில்லை. இன்று சிதம்பரம் ஜாடியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மகளுக்குக் கல்யாணமாமே. மூடி கேட்டு வந்தியா?"

"இல்லண்ணே. ஜாடியை நீங்க வச்சுக்கங்க. பெரியப்பா சீரா நீங்களே குடுங்க."

காசிநாதன் அலமாரியிலிருந்து மூடியை எடுத்துவந்து, ஜாடியின் மேல் வைத்து மெல்லத் திருப்பினார். ஒரே ஓர் இடத்தில்தான் அது சரியாக உட்காரும். உட்கார்ந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.