டாக்டர் சொல்லுவாங்க

டுலூத் நகரில் நான் போகும் கிளினிக்கில், ஸ்கேன் எடுப்பவர்கள் திரையில் கண்டதைக் கர்ப்பிணியிடம் சொல்லக் கூடாதாம். போன வருடம் என் முதல் பிள்ளையின் இதயம் நின்றிருந்ததைப் பார்த்தும், ஸ்கேன் எடுத்த மார்லிஸ் வாயைத் திறக்கவில்லை. "டாக்டர் சொல்லுவாங்க" என்று என் வயிற்றைத் துடைத்துவிட்டாள். டாக்டர் வர நாற்பது நிமிடம் ஆனது.

இந்த முறை எட்டாவது வார ஸ்கேனிலும், பன்னிரண்டாவது வாரம் குழந்தையின் கழுத்துத் தோல் தடிமனை அளந்த ஸ்கேனிலும் அதே மார்லிஸ், அதே பதில். இருபதாவது வாரம், உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேனில் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? நல்லா இருக்கா, இல்லையா? சொல்லித் தொலை!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க கிர்ஸ்டன். சொல்லணும்னுதான் எனக்கும் இருக்கு. விட மாட்டேங்கிறாங்களே."

திரையை வெடுக்கென்று என் பக்கம் திருப்பினேன். இதயம் துடித்துக்கொண்டிருந்தது. குழந்தை எங்களை நேராகப் பார்த்தபடி, ஒரு விரலை மட்டும் நீட்டி உதட்டின்மேல் வைத்திருந்தது.

மார்லிஸ் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"சரிங்க, சொல்லல" என்றாள்.